ஜாங்கோ பக்கங்களில் ஆல்பைன்.ஜேஎஸ்: ஐந்துக்கு நான்கு

பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில், சர்வரே எச்டிஎம்எல்லைத் தயார் செய்து அனுப்புகிற தளம். மேலே கூடையில் எத்தனை பொருள் என்று ஒரு எண், கீழே மொத்தத் தொகை, இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். இவ்வளவுக்குப் போய் ரியாக்டையும் (திரையை வரையும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ரிடக்ஸையும் (தகவலைப் பொது இடத்தில் வைத்திருக்கும் துணை) இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ரிடக்ஸை சர்வரிலும் ஓட்டுவதென்றால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் தனி ஸ்டோர், அதாவது பக்கத்தின் பகுதிகள் பகிரும் தகவல் பெட்டி, உருவாக்க வேண்டும் (பொதுவாக ஒன்றை வைத்தால் ஒருவருடைய கூடை இன்னொருவர் திரையில் வந்து நிற்கும்), அதை ஜேசன் என்ற எழுத்து வடிவமாக்கிப் பக்கத்தில் ஒட்ட வேண்டும், பிரவுசரில் எடுத்து மறுபடி உயிர் கொடுக்க வேண்டும், ஜாங்கோ பைத்தானில் ஓடுவதால் இதற்கென்று சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் வேறு தேவைப்படும்.

மொத்த வியாபாரத்துக்கான ஓர் ஆர்டர் தளத்தில் நான் வைத்தது ஆல்பைன், எச்டிஎம்எல் ஆட்ரிபியூட்டிலேயே எழுதும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல்காரர்களுக்குத் தெரிந்த லைவ்வயரை உருவாக்கிய காலெப் போர்ஸியோதான் இதையும் எழுதினார். 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பு, வியூ என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கின் ரியாக்டிவிட்டி எஞ்சினையே (தகவல் மாறினால் திரையையும் மாற்றும் பகுதி) உள்ளே வைத்துக்கொண்டது. இலவசம், பில்ட் வேலை கிடையாது, ஒரு ஸ்கிரிப்ட் டேக் போதும். மேலே இருக்கும் எண்ணும் கீழே இருக்கும் தொகையும் ஒரே ஆல்பைன்.ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருக்கும், நடுவில் எத்தனை டெம்ப்ளேட் இருந்தாலும் கவலை இல்லை.

சர்வரிலிருந்து தகவலை உள்ளே கொண்டுவரும் இடத்தில்தான் பலரும் சொதப்புகிறார்கள். பைத்தான் டிக்ஷனரியை அப்படியே எக்ஸ்-டேட்டாவுக்குள் (ஆல்பைன் தகவலை எடுத்துக்கொள்ளும் ஆட்ரிபியூட்) அச்சடித்தால் அதில் ‘நன்’ (None, மதிப்பு இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) என்று ஒன்று வரும், ஜாவாஸ்கிரிப்டுக்கு அது யாரென்றே தெரியாது. சரி, ஜேசனாக மாற்றி, எழுத்துகளை மாற்றாமல் அப்படியே விடும் ‘சேஃப்’ ஃபில்டர் போடுவோம் என்றால் முதல் இரட்டை மேற்கோளிலேயே ஆட்ரிபியூட் முடிந்துபோகும், மீதி எழுத்தெல்லாம் பக்கத்தில் சிதறும். பொருளின் பெயரை வெளியாட்கள் பதிவேற்றும் தளமாக இருந்தால் அது பாதுகாப்பு ஓட்டையும் கூட. ஜாங்கோ 2.1 முதலே இதற்கு ‘ஜேசன்_ஸ்கிரிப்ட்’ என்ற ஃபில்டர் இருக்கிறது. தகவலைத் தனி ஸ்கிரிப்ட் டேக்கில் வைத்து, கோணக் குறிகளை யூனிகோட் எண்ணாக மாற்றி, ‘நன்’னை ஜாவாஸ்கிரிப்டுக்குத் தெரிந்த ‘நல்’லாக்கித் தந்துவிடும். ஆல்பைன் தொடங்கும்போது வரும் ‘ஆல்பைன்:இனிட்’ நிகழ்வில் அந்த ஐடியைப் பிடித்துப் படித்து ஸ்டோரில் போட்டால் வேலை முடிந்தது.

பக்கம் மாறினால் ஸ்டோர் காலியாகிவிடுகிறதே என்று ஒரு புகார் உண்டு. ஆகட்டுமே! அடுத்த பக்கத்தையும் சர்வர்தானே அனுப்புகிறது, சரியான எண் அதனிடம்தானே இருக்கிறது. இதைச் ‘சரிசெய்ய’ பெர்சிஸ்ட் பிளகினைப் போட்டுக் கூடையை பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால், கவுண்டரில் ஒரே கணினியை மாற்றி மாற்றி உபயோகிக்கும் இடத்தில் காலை ஷிஃப்ட் ஆளின் கூடை மாலை ஷிஃப்ட் ஆளுக்குத் தெரியும். பக்கப்பட்டி திறந்திருந்ததா, எந்த டேப் கடைசியில் பார்த்தது, இந்த மாதிரி சங்கதிகளுக்கு பெர்சிஸ்ட் அருமை. பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் வேண்டாம். திரையில் தெரியும் மொத்தமும் ஒரு மரியாதைக்குத்தான், சப்மிட் ஆனதும் விலையை சர்வர் மறுபடி கணக்கிட்டே ஆக வேண்டும்.

பேக் பட்டனைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரவுசர் பழைய பக்கத்தை அப்படியே நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தால், ஸ்டோரும் பழைய எண்ணோடு அப்படியே எழுந்து வரும். பக்கம் திரைக்கு வரும்போது நடக்கும் ‘பேஜ்ஷோ’ நிகழ்வில் ‘பெர்சிஸ்டட்’ (பக்கம் நினைவிலிருந்து வந்ததா என்ற குறி) உண்மையா என்று பார்த்து, உண்மையென்றால் எண்ணை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது, பட்டியலை வரிவரியாக வரையும் எக்ஸ்-ஃபார். சர்வர் ஏற்கெனவே அடுக்கி அனுப்பிய நாற்பது வரிகளை அது தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது, டெம்ப்ளேட் டேக்கிலிருந்து தானே புதிதாக வரையும். அதனால் பட்டியலை ஜாங்கோவிலும் ஆல்பைனிலும் இரண்டு முறை எழுத வேண்டும், இல்லையென்றால் ஜாவாஸ்கிரிப்ட் வரும்வரை வெறும் பக்கம். நான் வரிகளை ஜாங்கோவிடமே விட்டுவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் அளவை மட்டும் வைத்திருக்கும் குட்டி எக்ஸ்-டேட்டா கொடுத்தேன், மாற்றத்தை அது ஸ்டோருக்குச் சொல்லும். ஓடுகிறது, ஆனால் வரிகளை இழுத்து வரிசை மாற்றுவது, பிரவுசரிலேயே வடிகட்டுவது எல்லாம் கேட்டால் இந்த ஏற்பாடு மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட திரைக்கு மட்டும் வியூவும் அதன் ஸ்டோர் லைப்ரரியான பினியாவும் போடுங்கள், தளம் முழுக்க வேண்டாம்.

அப்புறம், ஆல்பைன் தயாராகும்வரை ஒரு பகுதியை மறைக்க உதவும் எக்ஸ்-க்ளோக்கை எழுதினால் மட்டும் போதாது, அதை மறைக்கும் சிஎஸ்எஸ் வரியை நாமே சேர்க்க வேண்டும். மூடியிருக்க வேண்டிய மெனு ஒரு கணம் எட்டிப்பார்க்கிறது என்றால் முதலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கி, அரசு மாதிரி இடத்துக்குச் செய்கிறீர்கள் என்றால் தொடங்கும் முன்பே பாதுகாப்புக் குழுவிடம் கேட்டுவிடுங்கள். ஆல்பைனின் வழக்கமான பில்ட், ஆட்ரிபியூட்டில் நாம் எழுதும் வரியை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டுவதால், சிஎஸ்பி-யில் (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி) ‘அன்சேஃப்-ஈவல்’ அனுமதி கேட்கும், அங்கே அதைத் தர மாட்டார்கள். சிஎஸ்பிக்கென்று தனி பில்ட் உண்டு, ஆனால் அதில் இஷ்டத்துக்கு எதையும் எழுதிவிட முடியாது, பாதி எழுதிய பிறகு அதற்கு மாறுவது பெரிய தலைவலி.