வீட்டை மாற்றிக்கொண்டு ஆகஸ்ட் விடுமுறை: லண்டன்–பிரான்ஸ் பயன்பாட்டு அனுபவம்

பிரான்சின் கடற்கரைப் பக்கம் நாலு அறை வீடு ஒன்றை ஆகஸ்டில் வாடகைக்கு எடுத்தால் வாரத்துக்கு ஆயிரம் யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும். அதே வாரங்களில் லண்டன் வீடு பூட்டிக் கிடக்கும். அங்கிருந்து ஒரு குடும்பம் இங்கே வர, இங்கிருந்து ஒரு குடும்பம் அங்கே போக, வாடகை என்ற பேச்சே இல்லாமல் முடிகிற ஏற்பாடுதான் வீட்டு மாற்று. இது இணையம் கொண்டுவந்த புதுப்பழக்கம் அல்ல. இன்டர்வாக், ஹோம்லிங்க் என்ற வீட்டு மாற்று அமைப்புகள் இரண்டும் 1953-இல் தொடங்கியவை. இன்று அதிகம் புழங்கும் ஹோம்எக்ஸ்சேஞ்ச் தளம் 1992-இல் வந்தது. அதில் வீட்டைப் பதிவு செய்ய காசில்லை. மாற்றை உறுதிசெய்யும்போது ஆண்டுச் சந்தா, 200 டாலருக்குச் சற்று மேலே.

நீண்ட காலம் பயன்படுத்தியவர்களைக் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வார்கள்: மாற்று கெட்டுப்போவது சாவி, மின்சாரம், சமையலறை, கார் என்ற நாலு இடத்தில்தான். படத்தில் பார்த்து மயங்கிய மொட்டைமாடி சரியில்லை என்று சண்டை வருவது அபூர்வம். அதனால் தேடலுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது வீட்டுக் குறிப்பு எழுதுவதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் தேதி. பிரெஞ்சுப் பள்ளிகள் ஜூலை முதல் வாரத்திலேயே மூடிவிடும், செப்டம்பர் முதல் தேதியை ஒட்டித் திறக்கும். இங்கிலாந்தில் ஜூலை 20-ஐ ஒட்டித்தான் விடுமுறை. ஆக இரு பக்கமும் பொருந்துவது ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிவு வரை. எல்லோரும் இந்த ஐந்தாறு வாரங்களுக்குத்தான் மோதுவார்கள். முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே எழுதத் தொடங்கினால் நல்ல வீடு கிடைக்கும், மார்ச்சுக்குப் பிறகு மிச்சம் மீதிதான். தேதி பொருந்தாவிட்டால் கெஸ்ட்பாயிண்ட் முறை இருக்கிறது: அவர்கள் ஈஸ்டரில் இங்கே தங்கினால் உங்களுக்குப் புள்ளிகள் சேரும், அதை வைத்து நீங்கள் கோடையில் வேறொருவர் வீட்டுக்குப் போகலாம். வசதிதான். ஆனால் இரு குடும்பமும் ஒரே நேரத்தில் மாறிக்கொள்ளும்போது வீட்டைப் பார்த்துக்கொள்வதில் வருகிற அக்கறை புள்ளிக்கு வருபவர்களிடம் எப்போதும் இருப்பதில்லை. இரண்டு பேரும் தளத்தில் உறுதிசெய்யும் வரை விமான டிக்கெட்டோ யூரோஸ்டார் ரயில் டிக்கெட்டோ வாங்காதீர்கள்.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு காகித வேலை கூடியிருக்கிறது. பிரெஞ்சுக் குடும்பத்தில் குழந்தைகளுக்குப் பல நேரம் தேசிய அடையாள அட்டை மட்டும்தான் இருக்கும். 2021 அக்டோபரிலிருந்து பிரிட்டனுக்குள் வர அது செல்லாது, கடவுச்சீட்டு வேண்டும். 2025 ஏப்ரல் 2 முதல் இடிஏ என்ற முன் அனுமதியும் ஆளுக்கொன்று வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. இதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஜூலையில் பாஸ்போர்ட்டுக்கு அலைந்து மாற்று கைவிடப்படுவது உண்டு. நம் பக்கம், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு என்றால் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம் என்பது கணக்கு. இந்தியக் கடவுச்சீட்டோடு லண்டனில் இருப்பவருக்கு ஷெங்கன் விசா. தனியார் வீட்டில் தங்குவதால், வீட்டுக்காரர் தன் ஊர் மேரி (நகராட்சி) அலுவலகத்தில் 30 யூரோ முத்திரை கட்டி விருந்தினர் தங்குவதற்கான சான்று வாங்கி அசலை அனுப்ப வேண்டியிருக்கும். சில மேரிகளில் அதற்கே வாரக்கணக்கில் காத்திருப்பு. விசா தேவைப்படுபவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு காகிதத்தை வைத்துத்தான் மொத்தக் கால அட்டவணையையும் போட வேண்டும்.

காப்பீடு பற்றித் தொலைபேசியில் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். கேட்க வேண்டிய கேள்வி இது: 'பணம் தராத விருந்தினர் நாங்கள் இல்லாதபோது தங்குவார்கள், திருட்டுக்கும் தற்செயல் சேதத்துக்கும் காப்பு தொடருமா?' பல பாலிசிகளில் உடைத்துப் புகுந்த தடயம் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம். லீஸ்ஹோல்டு (நீண்ட காலக் குத்தகை) ஃபிளாட் என்றால், பிறரைத் தங்கவைக்கலாமா என்று லீஸ் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். பிரெஞ்சுக்காரர்களின் வீட்டுக் காப்பீட்டில் பெரும்பாலும் 'வில்லெஜியத்தூர்' என்ற பிரிவு இருக்கும். விடுமுறைக்குப் போன இடத்தில் அவர்களால் தீயோ தண்ணீர்ச் சேதமோ வந்தால் அது ஏற்கும். அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

கார் மாற்று வேறு கதை. பிரான்சில் காப்பீடு பொதுவாக வண்டியைச் சார்ந்தது, இரவல் ஓட்டுநருக்கும் நீளும். விபத்து என்றால் கழிவுத் தொகை (நாம் கையிலிருந்து கட்டும் பங்கு) மட்டும் கூடும். பிரிட்டனில் பெரும்பாலும் பெயர் குறித்த ஓட்டுநருக்கு மட்டும்தான், பிரெஞ்சு உரிமம் என்றதும் பல நிறுவனங்கள் மறுத்துவிடும். அதனால் ஒரு பக்கம் கார் கிடைத்து மறு பக்கம் கிடைக்காத சமமின்மை வரும். முன்கூட்டியே பேசி, வேண்டுமானால் லண்டன் பஸ், ரயிலுக்கான ஆய்ஸ்டர் அட்டையில் பணம் போட்டு வைத்து ஈடு கட்டலாம். அவர்கள் சொந்தக் காரில் வந்தால், லண்டன் முழுக்க உலெஸ் என்ற புகைக் கட்டண வட்டம் என்பதையும் வெளிநாட்டு வண்டியை முன்னதாகவே பதிய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தகுதியில்லாத வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ட்.

இனி வீட்டுக்குள். பிரெஞ்சு வீடுகளில் மின் இணைப்பே அளவுக்குட்பட்டது. 6 கேவிஏ (ஏறக்குறைய 6 கிலோவாட்) சந்தா உள்ள வீட்டில் ஓவன் 3, துணி இயந்திரம் 2, கெட்டில் 2 கிலோவாட் என்று ஒரே நேரத்தில் ஓடினால் லிங்கி என்ற மின் மீட்டர் மொத்த வீட்டையும் அணைத்துவிடும். ஃபியூஸ் பெட்டியை நோண்ட வேண்டியதில்லை. ஓடுவதில் ஒன்றை நிறுத்திவிட்டு மீட்டரின் '+' பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் திரும்ப வரும். மீட்டர் தெருவோரப் பெட்டிக்குள் இருக்கலாம், அதன் இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வெந்நீரும் அப்படித்தான். 'குமுலஸ்' என்று அவர்கள் சொல்லும் 200 லிட்டர் தொட்டி இரவுச் சலுகை நேரத்தில் சூடாகும். ஐந்து பேர் மாலையில் வரிசையாகக் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். புறப்படும்போது வீட்டுக்காரர்கள் பழக்கதோஷத்தில் சுவிட்சை '0'-வில் வைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஃபியூஸ் பெட்டியில் அந்தச் சுவிட்சை '1'-க்குத் தள்ளினால் உடனே சூடேறத் தொடங்கும், தொட்டி நிறையச் சூடாக ஐந்து மணி நேரம் ஆகும். மற்ற நாளில் 'ஆட்டோ'வில் இருக்கட்டும்.

கதவு ஒரு பொறி. வெளிப்பக்கம் அசையாத குமிழ் மட்டும் உள்ள கதவு காற்றில் அறைந்து சாத்தினால் சாவியில்லாமல் திறக்காது. உள்ளே பூட்டில் சாவியை விட்டுவிட்டு வெளியே வந்தால், பல பூட்டுகளில் கையில் மறுசாவி இருந்தும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரர் வந்தால் நூற்றுக்கணக்கில் யூரோ போகும். மறுசாவி பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்பதை முதல் நாளே கேளுங்கள்.

அவர்களுக்கு நம் வீடு தரும் குழப்பம் வேறு வகை. குளியலறைக் கூரையில் தொங்கும் கயிற்றை இழுத்தால்தான் மின் ஷவர் சூடாகும். குக்கருக்குச் சுவரில் தனிச் சிவப்புச் சுவிட்ச். ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு சுவிட்ச். இவை பிரான்சில் பழக்கமில்லாததால் 'ஓவன் பழுது' என்று செய்தி வரும். வெந்நீரும் அறைச்சூடும் தரும் காம்பி பாய்லரில் அழுத்தம் 1 பாருக்குக் கீழே இறங்கினால் வெந்நீர் நிற்கலாம். நிரப்பும் குழாய் எது, 1.5-இல் நிறுத்து என்பதை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து அனுப்புங்கள். குப்பைத்தொட்டி எந்த வாரம் எது என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள். 'ஒன்றுவிட்ட வாரம்' என்று எழுதினால் போதாது.

சமையலறைதான் தமிழ்க் குடும்பங்களுக்கு உண்மையான பரீட்சை. பிரான்சில் இண்டக்‌ஷன் அடுப்பு அதிகம். அலுமினிய குக்கரும் இட்லிப் பானையும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும். இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும், ஆனால் இழுத்து நகர்த்தினால் கண்ணாடி கீறும். தூக்கித்தான் வைக்க வேண்டும். மிக்ஸி 230 வோல்ட்டில் அப்படியே ஓடும், அடாப்டர் போதும். நெய், பால் இனிப்பு, இறைச்சி எதையும் பிரிட்டனிலிருந்து கொண்டுபோகக் கூடாது. பாரிஸ் வழியாகப் போனால் லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளில் எல்லாம் வாங்கலாம். திரும்பும்போது சீஸும் அப்படியே: 2025 ஏப்ரல் 12 முதல் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை.

பல வீடுகளில் சமையலறையும் கூடமும் ஒரே அறை, மேலே உள்ள ஹூட் கரி வடிகட்டி வழியாகக் காற்றை அங்கேயே திருப்பி விடும். கடுகும் மிளகாயும் தாளித்தால் வாசனை சோஃபாவில் ஏறும், புகை அலாரம் அலறும். மீன் பொரிப்பதையும் வடையையும் தோட்டத்து மேசையில் மின் அடுப்பு வைத்து முடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை துணியில் பட்டால் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், ஒன்றிரண்டு நாளில் வெளுத்துவிடும். வெள்ளை மேடையின் சிலிக்கான் இணைப்பில் ஏறினால் போகாது. அதனால் பெரிய பலகை ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதன்மேல் வேலை பாருங்கள். இங்கே விட்டுப்போகும் டப்பாக்களுக்குப் பிரெஞ்சில் பெயர் ஒட்டுங்கள்: மிளகாய்த்தூளைப் பப்ரிக்கா என்று நினைத்து இரண்டு கரண்டி போட்டவர்கள் இருக்கிறார்கள். சாமி அலமாரியைச் சாத்தி, திறக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், மதிப்பார்கள். நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள்.

கிராமத்து வீடு என்றால் கழிவு செப்டிக் தொட்டிக்குப் போகும். ஈரத் துடைப்பானும் பிளீச்சும் கூடாது. நீச்சல்குளம் இருந்தால் தண்ணீரின் வெப்பநிலையைப் பாதியாக்கினால் வருகிற மணி நேரம் தினமும் பம்ப் ஓட வேண்டும்: 26 டிகிரிக்கு 13 மணி. குழந்தைகள் இருக்கும் வீட்டார் குளத்துக்குப் பாதுகாப்பாக இருப்பது அலாரமா வேலியா மூடியா, அது வேலை செய்கிறதா என்று போன அன்றே சோதிக்க வேண்டும்.

புறப்படும் நாளில் படுக்கை விரிப்புகளைக் கழற்றித் துவைக்கப் போடுவதா, அப்படியே விடுவதா என்பதை முன்பே பேசி வையுங்கள். மனத்தாங்கல் இதிலும் வரும். உடைந்ததை அன்றே படத்தோடு சொல்லுங்கள். தட்டு, கிளாஸ் என்றால் வாங்கி வைத்துவிடுவது மரியாதை; பெரியது என்றால் யார் காப்பீட்டில் கேட்பது என்று இருவரும் ஊர் திரும்பும் முன் தீர்மானித்துவிடுங்கள். சாவியைத் தபாலில் அனுப்ப வேண்டாம், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கொடுத்தேன் என்று ஒரு குறுஞ்செய்தி.