மேட்ச்பாக்ஸ் 40-ம் ஆண்டு செட்: ஐந்து குட்டி வண்டிகளும் குமரியின் உப்புக்காற்றும்

வாங்குவதற்கு முன் வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலோ உட்புறத்திலோ லெஸ்னி (மேட்ச்பாக்ஸ் பொம்மை வண்டிகளை முதலில் செய்த நிறுவனம்), இங்கிலாந்து என்று வார்த்த எழுத்து இருந்தால்தான் அது 1950-களின் பழைய வண்டியாக இருக்க வாய்ப்பு. அந்த இடம் ராவியதுபோல் வழவழப்பாக இருந்தால், மறுவெளியீட்டைப் பழசென்று தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மறுவெளியீடு வாங்குவதில் தப்பே இல்லை. மறுவெளியீட்டின் விலையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

1988-ல் வந்த செட் இது. ரோடு ரோலர், டிராக்டர், லண்டன் டபுள் டெக்கர், குதிரை பூட்டிய பால் வண்டி, தீயணைப்பு வண்டி என்று ஐந்து. 1953 முதல் 1955 வரை மேட்ச்பாக்ஸ் வரிசையில் 1, 4, 5, 7, 9 ஆகிய எண்களில் வந்த வண்டிகளை மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுக் கணக்கு 1953-லிருந்து அல்ல, லெஸ்னி தன் முதல் பெரிய ரோடு ரோலர் பொம்மையைச் செய்த 1948-லிருந்து. லெஸ்னி 1982-ல் நொடித்து, யுனிவர்சல் டாய்ஸ் அதை வாங்கிவிட்டது. ஆகவே இது லெஸ்னி காலத்துப் பொருள் அல்ல.

ஐந்திலும் முதலில் கையில் எடுக்க வேண்டியது ரோலர். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது விதி. அதற்காக லெஸ்னியின் பங்குதாரர் ஜாக் ஓடெல் தன் மகளுக்குப் பித்தளையில் செய்து கொடுத்த குட்டி ரோலரிலிருந்துதான் இந்த வரிசையே பிறந்தது. கூரையைத் தாங்கும் தூண்களின் அடியை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வார்ப்புத் துத்தநாகம் மெல்லிய இடத்தில் வளைந்து கொடுக்காது, ஒடிந்துவிடும். பால் வண்டியில் குதிரை வண்டியோடு சேரும் இடமும் அப்படியே. இந்த இரண்டு இடங்களிலும் பசை மினுங்கினால் பேரத்தை அங்கேயே விட்டுவிடலாம். பஸ்ஸும் தீயணைப்பு வண்டியும் திண்டுக்கட்டைகள், அவ்வளவு சீக்கிரம் உடையாது. அவற்றில் மூலைப் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அட்டைப்பெட்டியில்தான் ஏமாற்று அதிகம். ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடியுங்கள். இன்றைய அட்டையில் வெண்மைக்குச் சேர்க்கும் ரசாயனம் நீலமாக ஒளிரும், 1950-களின் அட்டை பெரும்பாலும் மங்கித்தான் இருக்கும். மோக்கோ (அன்று லெஸ்னி பொம்மைகளை விற்ற விநியோகஸ்தரின் பெயர்) லெஸ்னி என்று அச்சிட்ட ‘பழைய’ பெட்டி பளிச்சென்று ஒளிர்ந்தால் அது நகல். 1988 செட்டின் பெட்டி ஒளிர்வது இயல்பு, அதில் குறை காண வேண்டாம்.

இந்தியப் பொம்மையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டிங்கி என்ற இன்னொரு இங்கிலாந்து பொம்மைக் கார் பிராண்டின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து நிக்கி டாய்ஸ் ஆயின. டிங்கி என்ற எழுத்தை அரைகுறையாக அழித்துவிட்டு வார்த்த அடித்தட்டு, தடித்த பெயிண்ட்: பார்த்த உடனே தெரியும். அதற்கென்று தனியே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி நம் ஊர் விஷயம். கல்ஃபிலிருந்து வந்த பொருள் ஷோகேஸில் ஏறாத வீடு குமரியில் குறைவு. ஆனால் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, குளச்சல், முட்டம் பக்கமானால் வருஷம் பூராவும் உப்பு. இந்த செட்டில் ரப்பர் டயர் கிடையாது என்பது பெரிய ஆறுதல். இளகி ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. முதலில் போவது எஃகு ஆக்ஸில்தான். சக்கரத் துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தால் ஊசிமுனையில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தொட்டு வைத்து, சக்கரத்தைப் பத்துச் சுற்று உருட்டி, வழிவதைப் பஞ்சால் ஒற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது. நாள்பட்டால் பிசினாகிச் சக்கரம் இறுகிவிடும்.

குத்துவிளக்குத் துலக்கிய கை பழக்கத்தில் புளியை எடுத்துவிடும். புளியின் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும், விபூதி பெயிண்டைக் கீறும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு, வாட்டர் கலர் பிரஷ், இரண்டு நிமிடம், பிறகு மின்விசிறிக் காற்று. பஸ்ஸின் பக்கவாட்டு விளம்பரத்தில் ஈரம் படக் கூடாது.

அலமாரிக்கு எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும்) பலகை வேண்டாம். புதுப் பலகையிலிருந்து கசியும் அமில ஆவி மூடிய கண்ணாடிக்குள் தேங்கி, உலோகத்தில் வெள்ளைப் பூப் பூக்க வைக்கும். இருக்கிற அலமாரிதான் என்றால் தட்டின்மேல் கண்ணாடி போட்டு வண்டியை வையுங்கள். அட்டைப்பெட்டிகளைத் தனியே ரப்பர் வளையமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், பத்து லிட்டருக்கு ஐம்பது கிராம் வீதம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். ஆரஞ்சு மணி பச்சையானதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உழைக்கும். அந்துருண்டை போடுவது சிலருக்கு வழக்கம். பெட்டி ஜன்னலின் பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் அது கெடுக்கும், ராமபாணப் பூச்சியைத் தடுக்க ஈரம் போனாலே போதும்.

உடம்பு முழுக்கப் பெயிண்டுக்கு அடியில் மெல்லிய வெடிப்பு, கொப்புளம், வளைவு தெரிந்தால் அது உப்பின் வேலை அல்ல, உலோகத்தில் கலந்த ஈயம் போன்ற அசுத்தம். அதற்கு மருந்து கிடையாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கியில்தான் இது அதிகம், இந்த செட்டில் அந்தப் பயம் குறைவு.

முழு செட்டாக, ஐந்து சிறு பெட்டிகளும் வெளிப்பெட்டியும் சேர்ந்து கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். உதிரியாக நான்கை வாங்கி ஐந்தாவதைத் தேடுகிறவர்களுக்கு அந்த ஒன்றின் தபால் செலவே கடித்துவிடும். பார்சல் வந்ததும் உடனே பிரிக்க வேண்டாம். ஏசி கிடங்கிலிருந்து வந்த வண்டி நாகர்கோவில் புழுக்கத்தில் வியர்க்கும். அரை நாள் மூடியபடி வைத்திருந்து பிரியுங்கள்.