பச்சை டப்பாவும் பன்னிரண்டு பென்சிலும்

ரிடையர் ஆன பிறகு எனக்கென்று வாங்கிய முதல் ஆடம்பரம்: ஃபேபர்-காஸ்டெல் 9000, பன்னிரண்டு பென்சில், 8பி முதல் 2ஹெச் வரை (பி என்றால் மெது, கருப்பு; ஹெச் என்றால் கடினம், வெளிர் கோடு; முன்னால் உள்ள எண் கூடக்கூட அந்தக் குணமும் கூடும்). உள்ளதைச் சொன்னால், அந்தத் தகர டப்பாவுக்காகத்தான் வாங்கினேன். ஆன்லைனில் விற்றவர் வெறும் பாலிதீன் உறையில் போட்டு அனுப்ப, மூடியின் ஒரு மூலை நசுங்கி வந்தது. ஸ்பூன் காம்பால் நெம்பி ஒருவாறு நிமிர்த்தினேன். பென்சில் ஒன்றுக்கும் சேதமில்லை. தகரம் அதற்குத்தானே!

மூடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். குதிரை மேல் இரண்டு வீரர்கள் மோதுகிறார்கள். கையில் ஈட்டிக்குப் பதில் பென்சில். 1905-இல் இந்தப் பென்சில் வந்தபோது உயர்ந்த பென்சில் என்றாலே மஞ்சள்தான். 1889-இல் ஹார்ட்முத் கம்பெனி மஞ்சள் பூசி, கோஹினூர் என்று வைரத்தின் பெயரையும் வைத்து விட்ட பென்சில் அப்படிப் பேர் வாங்கியிருந்தது. நியூரம்பெர்க் பக்கத்தில் ஸ்டைன் என்ற ஊரில் 1761 முதல் பென்சில் செய்துவந்த ஃபேபர் குடும்பத்துக்கு மருமகனாக வந்த அலெக்சாண்டர் பிரபு, தன் படைப்பிரிவின் கரும்பச்சையை அதற்கு எதிரே நிறுத்தினார். பேர் விஷயத்தில் அந்தக் குடும்பம் முன்பிருந்தே கறார். 1839-இல் பொறுப்பேற்ற லோதார் ஃபேபர் பென்சிலில் பெயர் பொறித்தார்; போலிகள் பெருகியதும், வணிகச் சின்னத்துக்குச் சட்டம் கேட்டு 1874-இல் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு மனுவே போட்டார்.

சரி, எப்படி வரைகிறது? முப்பது வருடம் கட்டட வரைபடத்தில் 2ஹெச் கோடு இழுத்த கை என்னுடையது. மதியம் தூங்கும் பேத்தியின் முகத்தை வரைந்தேன். 4பி-யைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கன்னத்து நிழல் மெத்தென்று விழுகிறது. இமை முடிக்கு ஹெச்பி. எழுந்தவள் 6பி-யைத் தரையில் வீசினாள். சீவிப் பார்த்தேன், உள்ளே லெட் ஒடியவில்லை. 8பி-க்கும் 7பி-க்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பி ரகங்கள் கையில் அப்பும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபட வேலைக்கு என்றால் இது வேண்டாம், 5ஹெச் வரை போகும் இன்னொரு செட் இருக்கிறது. கணக்கு எழுத மட்டும் என்றால் தெருமுனைக் கடைப் பென்சிலே தாராளம்.

மூடி இன்னும் சரியாக உட்காரவில்லை. ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.