கார் ஏற்றும் மூடிய டிரெய்லர்: தரைக்கு அடியில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய காரை மீட்டெடுத்து வைத்திருக்கிறீர்களா? அதை ஏற்றிப்போக ஒரு மூடிய டிரெய்லரை வாங்கி உள்வேலைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், பட்டறைக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெயர் போடவில்லை. பணத் தகராறு இன்னும் முடியவில்லை. தவிர, இந்த வேலையை இதே மாதிரி செய்ய வேறு பட்டறைகளாலும் முடியும்.

என்னுடைய கார் ஜாகுவார் மார்க் 2, 3.4 லிட்டர் எஞ்சின். 1959 முதல் 1967 வரை தயாரான மாடல். ஓட்டை விழுந்த அடித்தகட்டிலிருந்து வயரிங் வரைக்கும் எல்லாவற்றையும் பிரித்துச் செய்த வண்டி. கண்காட்சிகளுக்கு ஓட்டிக்கொண்டே போகலாம்தான். ஆனால் முன்னால் போகும் லாரியிலிருந்து தெறிக்கிற ஒரு கல் போதும், மறுபடி பெயிண்ட் பட்டறை வாசலில் நிற்க வேண்டும். அதனால்தான் மூடிய டிரெய்லர்.

வெறுமையாக வாங்கிய டிரெய்லரில் ஒரு குறையும் இல்லை. இரட்டை ஆக்சில், உள்நீளம் 6 மீட்டர். காரோடும் சாமானோடும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3175 கிலோ, அதாவது 7000 பவுண்டு. வெறும் எடை 1400 கிலோ. பட்டறையில் நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: காரைக் கட்ட நான்கு டி-வளையங்கள், தரையைத் துளைத்து இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும், தனி பேட்டரியோடு ஒரு மின் வின்ச் (கம்பியைச் சுருட்டிக் காரை உள்ளே இழுக்கும் கருவி), முன்சுவரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு அலமாரி, உள்சுவருக்குப் பலகை, எல்இடி விளக்கு, தரைக்கு எண்ணெய் ஊறாத விரிப்பு, நான்கு புது டயர்.

வேலை முடிந்து கதவைத் திறந்து காட்டியபோது கண்ணைப் பறித்தது, அதை மறுக்க மாட்டேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, ஓரமெல்லாம் அலுமினியப் பட்டை, மேலே வரிசையாக விளக்கு. வந்து பார்த்த நண்பர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

காரை ஏற்றிப் பின்பக்கப் பட்டையை ராட்செட் (பட்டையை இறுக்கும் பல்சக்கரப் பிடி) போட்டு இறுக்கும்போதுதான் முதல் சந்தேகம். பட்டை இறுகவே இல்லை. இறுக்க இறுக்கத் தரைதான் மேலே வந்தது. டி-வளையத்தைச் சுற்றி விரிப்பு ஒரு விரல் அளவு உப்பி நின்றது. அங்கேயே நிறுத்தி, காரை இறக்கி, விரிப்பின் ஓரத்தை நெம்பிப் பார்த்தேன். வளையத்தைப் பிடித்திருந்தவை நான்கு மர ஸ்க்ரூக்கள். போல்ட் இல்லை, அடியில் தகடு இல்லை. வெறும் பிளைவுட்டில் முறுக்கிய ஸ்க்ரூ.

இது ஏன் உயிரோடு விளையாடுகிற வேலை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சரக்கைக் கட்டுவதற்கான விதிகள் பலவற்றில், கடுமையாகப் பிரேக் போடும்போது சரக்கின் எடையில் 0.8 பங்கு முன்பக்கம் தள்ளும் என்று கணக்கு வைக்கிறார்கள். பக்கவாட்டுக்கு 0.5 பங்கு. என் கார் சுமார் 1500 கிலோ, அப்படியானால் முன்பக்கம் தள்ளும் விசை 1200 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவை பின்பக்கத்து இரண்டு வளையங்கள். பட்டை சாய்வாகப் போவதால் வளையத்தை மேல்நோக்கியும் இழுக்கும். அந்த இழுப்பில் பிளைவுட்டில் நிற்கும் ஸ்க்ரூ மர நாரைப் பிய்த்துக்கொண்டு அப்படியே வெளியே வந்துவிடும். முறையான வேலை என்றால் வளையம் குறுக்குச் சட்டத்தின் மேலேயோ, சட்டத்துக்குச் சட்டம் வெல்டிங் செய்த ஒரு தகட்டின் மேலேயோ உட்கார வேண்டும். குறைந்தபட்சம் அடியில் கனமான இரும்புத் தகடு கொடுத்து, முழுத் தரையையும் ஊடுருவும் போல்ட்டால் பிடிக்க வேண்டும். போல்ட் தலையில் 8.8 என்றோ அதற்கு மேலாகவோ எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லாத போல்ட் எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வளையம் வாங்கும்போது இன்னொரு கண்கட்டு உண்டு. உறையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் அது உடைந்துபோகும் அளவு. நம்பிக் கட்டக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்குதான். பட்டைக்கும் இதே கணக்கு. வழக்கமான 2 அங்குல ராட்செட் பட்டை 10000 பவுண்டில் அறும்; பயன்படுத்தக்கூடிய அளவு 3333 பவுண்டு. இந்த விவரம் பட்டையில் தைத்த சீட்டில் இருக்க வேண்டும். பட்டறையில் 'இலவசமாக' எனக்குத் தந்த நான்கு பட்டைகளிலும் சீட்டே இல்லை.

வளையத்தைப் பார்த்த பிறகு மற்றதை விட்டுவைக்க முடியுமா? டிரெய்லருக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

வின்ச்சை ஒழுங்காகத் தகட்டில் வைத்திருந்தார்கள், அந்தத் தகட்டையும் சட்டத்தோடு வெல்டிங் செய்திருந்தார்கள். ஆனால் பேட்டரி இல்லை. அலமாரிக்குள் 'பேட்டரிப் பெட்டி' என்று இருந்ததைத் திறந்தால் உள்ளே காலி. வின்ச்சுக்கான மின்சாரத்தை, இழுவை வண்டியிலிருந்து ஏழு முனை பிளக் வழியாக வரும் சார்ஜ் கம்பியிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தக் கம்பி தாங்குவது 30 ஆம்பியர் அளவுதான். மின் வின்ச் முழுப் பாரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், போகாவிட்டால் கம்பி சூடாகி உறை உருகும். பக்கத்திலேயே பெட்ரோல் நிரம்பிய கார் நிற்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். டிரெய்லருக்குள் சக்கரப் பெட்டிகள் போக மிச்சமிருக்கும் அகலத்தில், 1.7 மீட்டர் அகலமான காரின் கதவை ஓர் ஆள் இறங்கும் அளவுக்குத் திறக்க முடியாது. ஓட்டி ஏற்ற வழியில்லை, இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். வின்ச் எனக்கு ஆடம்பரம் இல்லை. (வின்ச் கம்பியை மட்டும் நம்பிக் காரை நிறுத்தி வைத்துப் பயணம் போகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது இழுப்பதற்கு, கட்டுவதற்கு அல்ல.)

அடுத்தது காற்றுப்போக்கு. வாங்கும்போது டிரெய்லரின் இரு பக்கச் சுவர்களிலும் கீழே காற்றுத்துளைகள் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இப்போதும் அவற்றின் வலைமூடி தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால், அழகான வெள்ளைப் பலகையை அவற்றின் மேலேயே அடித்து மூடிவிட்டார்கள். துளை வெட்ட அரை மணி நேரம் ஆகியிருக்கும், அந்த அரை மணியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். என் கார் எஸ்யூ கம்பெனியின் இரட்டைக் கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டி. அந்தக் காலத்து எரிபொருள் அமைப்பு ஆவியை வெளிக்காற்றில்தான் விடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கூரையில் எவ்வளவு பெரிய காற்றுப்போக்கி வைத்தாலும் கீழே வழி இல்லாவிட்டால் அது முழுதாக வெளியேறாது. கதவைத் திறந்தபோது வந்த பெட்ரோல் நெடிக்குக் காரணம் கசிவாக இருக்கும் என்று கார்ப்பரேட்டரைத் துருவிக்கொண்டிருந்தேன். குற்றவாளி சுவருக்குள் இருந்தார்.

ஆனால் என்னை உண்மையிலேயே உலுக்கியது எடைதான். வளையங்களை மட்டும் முதலில் சரிசெய்துகொண்டு, காரோடு முதல் முறை நெடுஞ்சாலையில் போனபோது, வேகம் கூடியதும் டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. அந்த நிலையில் இழுவை வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுக்க வேண்டும். அப்படித்தான் அடக்கினேன். அப்புறம் ஊர்ந்துகொண்டே நேராக எடை மேடைக்குப் போனேன்.

காரை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரை ஏற்றினால் 1740 கிலோ. உள்வேலை மட்டும் 340 கிலோ! காரணம் பிறகு தெரிந்தது. பழைய தரையை எடுத்துச் சரிசெய்யாமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டைப் போட்டிருக்கிறார்கள். அது மட்டுமே நூற்றைம்பது கிலோவுக்கு மேல். அலமாரியைக் கனமான அழுத்தப்பலகையில் செய்திருக்கிறார்கள். 1740-உம் 1500-உம் 3240. ஒரு ஸ்பானர்கூட வைக்காமலே அனுமதி எடையை 65 கிலோ தாண்டியாகிவிட்டது. ஸ்டெப்னி, ஜாக், உதிரிபாகம் எல்லாம் அதற்கு மேல்.

வால் ஆடியதற்குக் காரணம் அலமாரி. 30 சென்டிமீட்டர் கேட்டதற்கு 70 வைத்திருந்தார்கள். 'நிறைய சாமான் வைக்கலாம் சார்' என்று அதைப் பெருமையாக வேறு சொன்னார்கள். பந்துக் கொக்கியில் இழுக்கும் டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவை முனையில் இறங்க வேண்டும் என்பது கணக்கு. அதற்குக் குறைந்தால் வால் ஆடும். முன் எஞ்சின் காரை 40 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி நிறுத்த வேண்டி வந்ததால், முனையில் குறைந்த பாரம், அலமாரி சேர்த்த பாரத்தைவிட அதிகம். காரும் அதே, டிரெய்லரும் அதே. ஒரு மரப்பெட்டி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

டயர் விஷயம் சுத்தமான திருட்டு. டயரின் பக்கவாட்டில் தயாரான தேதி இருக்கும், கடைசி நான்கு எண்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 'புது டயர்' என்று ரசீதில் எழுதித் தந்தவற்றுக்கு எட்டு வயது. ஓடவே இல்லாததால் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) புதிதாகத்தான் தெரியும், மேலே கறுப்புப் பாலிஷும் போட்டிருந்தார்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகி ரப்பர் இறுகிச் சாவதுதான் அதிகம். ஐந்தாறு வருடத்தில் மாற்றச் சொல்வது அதனால்தான். முழு தேதியும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம். என் டயர்களில் தேதி இருந்த பக்கம் நான்கிலும் உள்நோக்கித் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

படங்களோடும் எடைச்சீட்டோடும் பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் முதலில் சொன்னது, 'இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை சார்.' சொல்லியிருக்க மாட்டார்கள். விரிப்பைப் பிரித்தால்தானே தெரியும்? பிறகு 'ஸ்க்ரூ போதும், நாங்க எல்லா வண்டிக்கும் அப்படித்தான் போடறோம்' என்றார். என்னைவிட மற்ற வண்டிக்காரர்களை நினைத்துத்தான் பகீரென்றது. இந்தப் பதிவை எழுதியதே அந்த ஒரு வாக்கியத்துக்காக. உங்கள் டிரெய்லர் இப்படிப் பளபளப்பான உள்வேலையோடு வந்திருந்தால், இன்றைக்கே அடியில் படுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் நேர் கீழே தகடும் நட்டும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அதில் காரைக் கட்டாதீர்கள்.

இனி கொடுக்கப் போகிறவர்களுக்கு: விரிப்பு ஒட்டும் முன், சுவர்ப்பலகை அடிக்கும் முன் நேரில் போய்ப் பார்க்க உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடைச்சீட்டு வேண்டும், கடைசித் தவணை இரண்டாவது சீட்டுக்குப் பிறகுதான். எத்தனை கிலோவுக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் எண்ணாகவே எழுதிவிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற பட்டறை நமக்கு வேண்டாம். எடுக்கும் அன்று டிரெய்லர் கழன்றால் பிரேக் பிடிக்க வைக்கும் பாதுகாப்பு ஊசியை இழுத்துப் பாருங்கள். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். என்னுடையதில் பூட்டிக்கொண்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு வெல்டரிடம் கொடுத்து இரண்டாவது பிளைவுட்டை உரித்து, வளையங்களுக்குச் சட்டத்தில் தகடு வைத்து, காற்றுத்துளைகளைத் திறந்து, வின்ச்சுக்கு ஃபியூஸோடு தனி பேட்டரி போட்டாயிற்று. அலமாரியைக் கழற்றி வீட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டேன். இப்போது வெறும் எடை 1510 கிலோ, வால் ஆடுவதில்லை. இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஈரம் சிக்கிப் பழைய தரையின் ஒரு மூலை கறுத்திருந்தது. அந்தத் துண்டை மட்டும் மாற்ற வேண்டி வந்தது. காருக்கு உறை போட்டு ஏற்றச் சொல்லி முந்தைய பட்டறையில் அறிவுரையும் தந்திருந்தார்கள். அதையும் கேட்காதீர்கள், ஓடும்போது அதிர்வில் துணி உரசி பெயிண்ட்டில் கோடு விழும்.

பட்டறை ஒப்புக்கொண்டது டயரை மட்டும். நான்கையும் மாற்றித் தந்தார்கள், மாட்டும் முன் தேதியைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். மீதிப் பணத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.