பழைய தரவு தானாகக் கழிய: மொங்கோடிபியா, போஸ்ட்கிரெஸா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு குளத்திலும் அதன் வாய்க்கால்களிலும் நீர்மட்டம் பார்க்க 12 சென்சர்கள் வைத்திருக்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவீடு. நாளொன்றுக்கு 3,456, வருடத்துக்கு 12 இலட்சத்தைத் தாண்டும். எல்லாம் சேர்வது ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கணினியில். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் பேசும்போது போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். ஆகவே இரண்டு வருடம் வேண்டும். அதற்கு முந்தியது கழியலாம்.

பார்த்தவை எல்லாம் தரவுத்தள மென்பொருள்கள். முதலில் மொங்கோடிபி. திகதிப் புலத்தில் ஒரு காலாவதிச் சுட்டி (TTL index) போட்டு 63,072,000 விநாடி, அதாவது இரண்டு வருடம், என்று கொடுத்தால் வேலை முடிந்தது. பின்னணியில் 60 விநாடிக்கு ஒரு தடவை எழும்பி, காலம் கடந்தவற்றை அதுவே அழிக்கும். திகதியை வெறும் எழுத்தாகச் சேமித்திருந்தால் மட்டும் அது ஒருநாளும் அழியாது.

எங்களுக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். மின்சாரம் போய் வந்தால் சென்சர் பலகைக்கு நேரம் மறந்துவிடும். இணையம் கிடைத்து நேரத்தைத் திருத்தும்வரை 1970 ஜனவரி 1 என்றே அனுப்பிக்கொண்டிருக்கும். மொங்கோவுக்கு அது ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பழசு; ஒரு நிமிடத்துக்குள் துடைத்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. மழை கொட்டி மின்சாரம் போகும் இரவில்தான் அந்த அளவீடு நமக்கு மிகவும் தேவை!

போஸ்ட்கிரெஸில் தானாகக் காலாவதியாகும் வசதி இல்லை. பதிப்பு 10 முதல் அட்டவணையை மாதவாரியாகப் பிரித்து வைக்கலாம். பழைய மாதத்தை முழுதாகத் தூக்கிவிட நேரம் குறித்த ஒரு கட்டளை வேண்டும். வரிவரியாக அழித்தால் செத்த வரிகள் கிடந்து இடத்தை அடைக்கும். மாதத்தை அப்படியே நீக்கினால் வட்டில் இடம் உடனே கிடைக்கும். நீக்குமுன் கழற்றி ஒரு பென்டிரைவில் பிரதி எடுக்கலாம். 1970 அளவீடு வந்தால் அதற்குரிய மாதம் இல்லை என்று மறுக்கும். எந்த மாதத்திலும் அடங்காதவற்றுக்கென்று பதிப்பு 11 முதல் உள்ள பொதுப் பிரிவை (default partition) வைத்திருந்தால் அங்கே போய்ச் சேரும். எடுத்துத் திருத்தலாம். கட்டளை ஒருநாள் ஓடாமல் போனாலும் பழசு கொஞ்சம் கூடக் கிடக்கும், அவ்வளவுதான்.

அடுத்த மாதத்துக்கான பிரிவை முன்கூட்டியே உருவாக்க மறந்தால் சிக்கல்தான். அளவீடுகள் பொதுப் பிரிவில் குவிந்துவிடும், பிறகு அந்த மாதத்தை உருவாக்கவும் விடாது. நாங்கள் மூன்று மாதம் முன்கூட்டியே உருவாக்கி வைக்கிறோம்.

வேறு இரண்டு தரவுத்தளங்களும் உண்டு. ரெடிஸ் கடைசி அளவீட்டை மட்டும் காட்டுவதற்கு நல்லது. கசாண்ட்ரா ஒற்றைக் கணினிக்குத் தேவையில்லாத பாரம். காலாவதியானவை அழிந்துவிட்டன என்று குறிக்கும் அடையாளங்களையே வழக்கமாக 10 நாள் சுமந்துகொண்டிருக்கும்.

ஆகவே எங்கள் தெரிவு போஸ்ட்கிரெஸ். கமக்காரர் பெயரும் காணி விபரமும் உள்ள அட்டவணைக்கு மட்டும் காலாவதியே வைக்கவில்லை. இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்துவிட்டு அலைந்தவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்த வரிகளை இரண்டு பேர் பார்த்து, கையால் மட்டுமே நீக்குகிறோம்.