பத்து ஞாயிறு, 6,500 ரூபாய்

தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஞாயிறு சாயங்காலங்கள் நகர மறுத்தன. மகள்தான் இந்த ஆசியக் கலை வரலாற்று வகுப்பில் சேர்த்துவிட்டாள். இணையவழி, 10 வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். கட்டணம் 6,500 ரூபாய்.

சீன வாரத்திலேயே பாதிக் காசுக்கு ஈடாகிவிட்டது என்பேன். 12ஆம் நூற்றாண்டில் சாங் சேதுவான் என்ற சீன ஓவியர் பட்டில் தீட்டிய சுருள் ஓவியம், 'சிங்மிங் திருநாளில் ஆற்றோரக் காட்சி'. சிங்மிங் என்பது சீனர்கள் முன்னோரை வணங்கும் நாள். இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், நீளமோ ஐந்து மீட்டரைத் தாண்டும். ஆசிரியை முழுதாக விரித்துக் காட்டவில்லை. அந்தக் காலத்தில் பார்த்தது போலவே வலமிருந்து இடமாக, கைக்குள் அடங்கும் அளவு மட்டும் காட்டி நகர்த்தினார். முதலில் வயல், கழுதைகள். அப்புறம் படகுகள். திடீரென்று ஒரு பாலம், அதன்மேல் கூட்டம் எட்டிப் பார்க்கிறது; கீழே ஒரு படகில் பாய்மரத்தைச் சாய்க்க ஆட்கள் அல்லாடுகிறார்கள், படகு பாலத்தில் மோதப்போகிறது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

பின்னாளில் அதை வைத்திருந்த பேரரசர்களும் செல்வந்தர்களும் அதில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். அது அங்கே ரசனைக்கு அடையாளமாம். முப்பது வருஷம் முத்திரை குத்தியே சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு மனசு வந்திருக்காது.

ஜப்பான் வாரமும் நன்று. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பெரிய அலை' படத்தைச் சுவர் அளவுக்குக் கற்பனை செய்திருந்தேன். பள்ளி நோட்டை விரித்த அளவுதான். 1831 வாக்கில் மரக்கட்டையில் செதுக்கி, ஆயிரக்கணக்கில் அச்சடித்து விற்றது. அந்த நீலம் ஐரோப்பாவில் பிறந்த பிரஷ்யன் நீலம் என்பது கூடுதல் ஆச்சரியம்.

கோளாறு நம்ம ஊர் வாரத்தில். சோழர் செப்புத் திருமேனிகளுக்கு நாற்பதே நிமிடம். தானாக ஓடும் எழுத்துவரி சோழாவைக் கடைசிவரை 'கோலா' என்றே எழுதியது. அதுகூடப் பரவாயில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் மேனியாக நிற்கும் நடராஜரைக் காட்டி இடுப்பு வளைவையும் விரல் நளினத்தையுமே விளக்கினார்கள். கும்பகோணத்தில் பிறந்த நான் உற்சவரை அப்படிப் பார்த்ததே அபிஷேகத்தின்போதுதான். மற்ற நேரம் பட்டும் மாலையுமாக முகம் மட்டுந்தான் தெரியும். பீடத்தில் துளைகள் எதற்கு, கழி செருகித் தோளில் தூக்கத்தானே? அதைச் சொல்லாமல் என்ன பண்பாட்டுப் பின்னணி? சீனச் சுருளைக் கையில் வைத்துப் பார்க்கக் கற்றுத் தந்தவர்கள், சாமியைத் தெருவில் வைத்துப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

கேட்டு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து "நல்ல கேள்வி" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

சேருகிறவர்களுக்கு ஒன்று: காணொளிப் பதிவு 30 நாள்தான் இருக்கும். சீன வாரத்தை அதற்குள் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், கைபேசியில் வேண்டாம், பெரிய திரையில்.