லயனல் ஆக்சஸரிகள்: 1950-களின் அசலா, 1980-களின் மறுவெளியீடா, புதிய தயாரிப்பா?

நிலக்கரி அள்ளும் தொட்டி, கூரை வழியே பனிக்கட்டி ஏற்றும் நிலையம், ரயில் வந்ததும் லாந்தரோடு வெளியே ஓடி வரும் கேட்மேன் (கடவுக் காவலாளி). அமெரிக்கப் பொம்மை ரயில் நிறுவனமான லயனலின் இப்படிப்பட்ட இயங்கும் ஆக்சஸரிகள் (ரயில் பாதையோரத் துணைப்பொருள்கள்) மூன்று தலைமுறையாகச் சந்தையில் கிடக்கின்றன. 1945 முதல் 1969 வரை வந்தவை அசல். 1969-இல் உணவு நிறுவனமான ஜெனரல் மில்ஸ் உரிமம் பெற்ற பிறகு, குறிப்பாக 1980-களின் முதல் பாதியில், பழைய அச்சுகளைத் தூசு தட்டி எடுத்து வெளியிட்டவை இரண்டாவது. கேன் மோட்டாரும் (மூடிய உறைக்குள் இருக்கும் சிறு டிசி மோட்டார்) சர்க்யூட் போர்டும் வைத்து வருபவை மூன்றாவது. பார்க்க அல்ல, ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நான் நடுத் தலைமுறையைச் சொல்வேன். என் லேஅவுட்டுக்கும் (வீட்டில் அமைத்த ரயில் பாதை) அதையே தேர்ந்தெடுத்தேன்.

அலமாரியில் வைக்கவும் மறுபடி விற்கவும் அசலுக்குத்தான் மவுசு, அதில் வாதமே இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: ரயில் சேகரிப்பாளர் சங்கத்தின் தரவரிசையில் சி-8 என்றால் புதிதுபோலத் தோற்றம் என்று பொருள். உள்ளே காயில் (கம்பிச்சுருள்) உயிரோடு இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: நின்றுபோனால் திறந்து சரிசெய்ய முடியுமா? அசலின் உள்ளே இருப்பது மிக எளிய பொருள்தான். சாலினாய்டு (இரும்புத் தண்டை இழுக்கும் மின்காந்தச் சுருள்), அதிர்வுக் காயில், கார்பன் பிரஷ் வைத்த சிறு மோட்டார், அவ்வளவே. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஆனால் வயது விடாது. ஒயரின் ரப்பர் உறை தொட்டாலே உதிர்ந்து ஷார்ட் ஆகும். 397 என்ற எண்ணுள்ள நிலக்கரி லோடரின் பெல்ட் விறைத்துப்போய், மோட்டார் சுற்றினாலும் பெல்ட் நகராது. 3656 மாட்டுத் தொழுவத்தில் மாடுகளின் அடியில் உள்ள மென்பட்டை தேய்ந்தால் மாடு முன்னே நடக்காமல் நின்ற இடத்திலேயே நடுங்கும். எல்லாம் சரிசெய்யக்கூடியவை. ஆனால் வாங்கிய முதல் நாளே அந்த வேலை காத்திருக்கும்.

நடுத் தலைமுறையின் நன்மை இங்கேதான். இயக்கமுறை பெரும்பாலும் பழையதே. ஒயரும் பெல்ட்டும் ஒரு தலைமுறை இளையவை. அசலுக்குச் செய்யப்படும் உதிரிபாகம் பலவும் இதிலும் பொருந்தும். விற்பவரிடம் அடித்தகட்டின் படம் கேளுங்கள். காயிலும் மோட்டாரும் தெரிந்தால் நல்லது. அதிகம் ஓடாததில் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அச்சுமுனைக்கு ஒரு துளி எண்ணெய் போதும். கம்யூட்டேட்டரை (மோட்டாரில் பிரஷ் உரசும் செம்புப் பகுதி) சுத்தம் செய்ய இரும்புநார் மட்டும் கூடாது. பிசிறுகள் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

புதிய தயாரிப்புகள் சத்தமில்லாமல் ஓடும், குறைந்த வோல்ட்டில் கிளம்பும். கேன் மோட்டாரும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் (ஏசியை டிசி ஆக்கும் பாகம்) மட்டும் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டுமே பொதுச் சந்தையில் கிடைக்கும் பொருள்கள். அந்த மாதிரிக்கென்றே செய்த போர்டு எரிந்தால்தான் சிக்கல்: போர்டு கிடைத்தால் உண்டு, இல்லையேல் அது பொம்மை வீடு. செல்பேசியில் இயக்கும் ரகங்கள் எத்தனை ஆண்டு தாங்கும் என்று தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் வேண்டும்.

தேடும்போது எண்தான் திறவுகோல். அசலின் எண்ணை இட்டால் அசல் மட்டுமே வரும்; மறுவெளியீட்டின் எண் வேறு. 497 நிலக்கரி நிலையம் 2315 ஆக வந்தது, 352 பனிக்கட்டி நிலையம் 2306 ஆக, 128 பத்திரிகைக் கடை 2308 ஆக, 455 எண்ணெய்க் கிணறு 2305 ஆக. கேன்ட்ரி கிரேனில் பலர் ஏமாறுவதுண்டு: 282-இன் மறுபிறவி 2316, பார்வைக்கு அதேபோல் இருக்கும் 2302, 2303 இரண்டும் கையால் சுற்றுபவை, மோட்டார் கிடையாது. பனிக்கட்டி நிலையம் வாங்கினால் கூரைக் கதவுள்ள வேகனும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அசலுக்கு 6352, மறுவெளியீட்டுக்கு 6700. அது இல்லாவிட்டால் பனிக்கட்டி தண்டவாளத்தில்தான் விழும்.

2300 எண்ணெய் டிரம் லோடர் தனிக்கதை. அதன் மூலம் லயனல் அல்ல, போட்டி பிராண்டான அமெரிக்கன் ஃப்ளையரின் 779. அந்தப் பெயரை லயனல் 1967-இல் வாங்கியது. எஸ் கேஜுக்கு (லயனலின் ஓ கேஜைவிடக் குறுகிய தண்டவாள அளவு) வடிவமைத்ததாயினும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்பதால் ஓ கேஜிலும் வேலை செய்யும். வேகனின் விளிம்பு உயரத்தை மட்டும் அளந்து, தேவையானால் அடியில் பிளைவுட் துண்டு கொடுக்க வேண்டும்.

கேட்மேனுக்கு மட்டும் என் விதி பொருந்தாது. 145 அசல் 1950 முதல் 1966 வரை வந்தது. தாராளமாகக் கிடைக்கிறது, உள்ளே கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. அசலையே வாங்கலாம். ரயிலின் எடையால் அழுந்தி வேலை செய்யும் 153சி சுவிட்சைவிட, மூன்று தண்டவாளங்களில் வெளிப்புறம் உள்ள ஒன்றை ஃபைபர் பின்களால் (மின்சாரம் கடத்தாத ஊசிகள்) தனிமைப்படுத்தி, ரயிலின் சக்கரமே சுற்றை இணைக்கும்படி விடுவது நம்பகமானது. நீண்ட ரயில் அங்கேயே நின்றால் காயில் சூடேறும் என்பதால் 12 வோல்ட்டைத் தாண்டாதீர்கள்.

பல்பை மாற்றும்போதும் நிதானம் வேண்டும். எண்ணெய்க் கிணற்றின் குழாயில் குமிழி எழுவது பல்பின் வெப்பத்தால். 394 சுழல் விளக்குக் கோபுரத்தின் தலை சுற்றுவதும் அப்படியே. எல்இடி போட்டால் வெளிச்சம் இருக்கும், அசைவு நின்றுவிடும். காயிலின் அதிர்வில் சுற்றும் 494 சுழல் விளக்குக்கு இந்தக் கவலை இல்லை.

எந்தத் தலைமுறையானாலும் ஆக்சஸரிக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வையுங்கள். இன்றைய மின்னணு டிரான்ஸ்பார்மர்கள் பல ஏசி அலையை வெட்டித் தருகின்றன. அதிர்வுக் காயில் அதில் உறுமும், சரியாக நகர்த்தாது. பழைய 1033 போன்ற 90 வாட் டிரான்ஸ்பார்மர் போதும், அதன் மின்கம்பியின் உறை விரிசல் விடாமல் இருந்தால். 362 பீப்பாய் லோடரைச் சமதளத்தில் வைத்து 10 வோல்ட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். பீப்பாய் சீராக ஏறும் புள்ளி ஒன்று வரும். அதற்கு மேல் கூட்டினால் வேகம் வராது, பீப்பாய் துள்ளிக் கீழே விழும்.

கன்ட்ரோல் பெட்டி இல்லாமல் விற்பவர்களும் உண்டு. 364சி போன்ற ஆன்-ஆஃப் சுவிட்சோ அழுத்து பட்டனோ என்றால் தயங்க வேண்டாம், எந்த நல்ல சுவிட்சும் போதும். கிரேனுக்கு அப்படி அல்ல. பல இயக்கங்களைப் பிரித்து அனுப்பும் பெட்டி அது. அது இல்லாத கிரேனை, பெட்டி தனியாகக் கிடைக்கும் என்று உறுதியான பிறகு வாங்குங்கள்.